280 என்ற எண்ணும் ஒரு சின்னத் தடுப்பும்

2568 சி.சி. ஒரு எஞ்சினுக்கு இது விநோதமான அளவு. ஜப்பானில் வண்டி வரி 500 சி.சி.க்கு ஒரு படியாக ஏறும். 2000 வரை ஒன்று, 2500 வரை ஒன்று, 3000 வரை ஒன்று. கணக்குத் தெரிந்த கம்பெனி 2498-ல் நிறுத்திக்கொள்ளும். வெறும் 68 சி.சி. தாண்டியதற்காக வாங்குகிறவர் தலையில் வருஷா வருஷம் அடுத்த படி வரியை ஏற்றுவானேன்?

1989 ஆகஸ்ட்டில் நிசான் கொண்டுவந்த ஸ்கைலைன் ஜிடி-ஆர், அதாவது ஆர்32, அப்படித்தான் வந்தது. விலை 44.5 லட்சம் யென். எஞ்சின் பெயர் ஆர்பி26டிஇடிடி. ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, வார்ப்பிரும்பு பிளாக். விசித்திரமான அந்த அளவுக்குக் காரணம் பந்தயம். குரூப் ஏ விதிப்படி டர்போ வைத்த எஞ்சின் என்றால் அதன் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்கி எந்த வகுப்பு என்று முடிவு செய்வார்கள். 2568-ஐப் பெருக்கினால் 4366 வரும். 4500 சி.சி. வகுப்புக்குள் கச்சிதமாக உட்காரும். நான்கு சக்கர இயக்கத்தின் கூடுதல் எடைக்கும், அகலமான டயருக்கும் அந்த வகுப்புதான் தோது. ஆக, சாலையில் ஓட்டப்போகிறவருக்காக அல்ல, விதிப் புத்தகத்துக்காகச் செதுக்கிய எஞ்சின் இது. ஆனால் குரூப் ஏ-யில் ஓட வேண்டுமென்றால் அதே காரை 5000 பேருக்காவது விற்றாக வேண்டும். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

பந்தயத்தில் 550 குதிரைத்திறனுக்கு மேல் தரவேண்டிய எஞ்சினை, தெருவில் ஓட்டும் 5000 பேர் கையில் கொடுக்கணும். நேரமும் சரியில்லை. 1988-ல் ஜப்பானில் சாலை விபத்துச் சாவுகள் 10,000-ஐத் தாண்டியிருந்தன. எழுபதுகளில் பாடுபட்டுக் குறைத்த எண்ணிக்கை திரும்ப ஏறுகிறதே என்று அரசுக்குக் கவலை. கார் கம்பெனிகள் தாங்களாகவே ஒரு கட்டுப்பாட்டுக்கு வந்தன: எந்தக் காரும் 280 குதிரைத்திறனைத் தாண்டாது. ஏன் 280? அந்த நேரத்தில் இருந்ததிலேயே பலமான உள்நாட்டுக் கார், நிசானின் ஃபேர்லேடி இசட், 280-ல் நின்றது, அவ்வளவுதான். இது சட்டம் இல்லை. 'ஜிஷு கிசெய்' என்பார்கள், சுயக்கட்டுப்பாடு. வேகத்துக்கு ஏற்கெனவே 180 கிலோமீட்டரில் ஒரு கடிவாளம் இருந்தது.

ஆர்32 பிரசுரத்திலும் 280 என்றே போட்டார்கள். டைனோ உருளையில் ஏற்றிப் பார்த்தவர்கள் பலருக்கு 300-க்கு மேல் காட்டியது. அடுத்த பதினைந்து வருஷம் ஜப்பானின் பெரிய கார்கள் எல்லாவற்றுக்கும் இதே எண்தான், காகிதத்தில். எனக்கு இந்தப் பகுதி ரொம்பப் பிடிக்கும். ஒரு தேசத்தின் எஞ்சினியர்கள் மொத்தப் பேரும் சேர்ந்து, ஒருவருக்கொருவர் நன்றாகத் தெரிந்தே, ஒரே எண்ணை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சரி, 550-க்குக் கட்டின எஞ்சினை 280 மாதிரி நடந்துகொள்ள வைப்பது எப்படி? பானட்டைத் திறந்தால் டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று ஓடும். மஞ்சள் குறி போட்ட அந்தக் குழாய்க்குள் ஒரு சின்னத் தடுப்பு, நடுவில் ஊசி போகும் அளவுக்கு ஓட்டை. அதைப் பிடுங்கி எறிந்தால் போதும், முக்கால் பார் அளவில் இருந்த பூஸ்ட் ஏறக்குறைய 1 பார் ஆகிவிடும். செலவு ஒன்றுமில்லை. அடுத்தது, அடைத்து வைத்த சைலன்ஸர். அதற்கடுத்து ரோம் சிப். பூட்டு போட்டவனே சாவியைக் கதவு மேலேயே வைத்துவிட்டுப் போனது மாதிரி இருக்கும் இந்த ஏற்பாடு.

சாவியை எடுக்க ஆட்களும் தயாராக இருந்தார்கள். ஜப்பானில் டியூனிங் கடைகள் ஜிடி-ஆருக்கு முன்பே தோன்றியவை. யமஹாவில் வேலை பார்த்த ஹிரோயுகி ஹசெகாவா 1973-ல் ஃபூஜி மலையடிவாரத்தில் எச்கேஎஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த வருஷமே கடையில் வாங்கிப் பூட்டக்கூடிய டர்போ கிட் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1981-ல் தைஜிரோ இனாதா ஆரம்பித்த 'ஆப்ஷன்' பத்திரிகை இந்தக் கடைக்காரர்களை யதாபே சோதனைத் தடத்துக்கு அழைத்துவந்து, யார் வண்டி 300 தாண்டும் என்று அளந்து அச்சில் போட்டது. எச்கேஎஸ்ஸின் செலிகா 1983-ல் தாண்டியது. இதெல்லாம் சட்டத்தின் ஓரத்தில் நடந்த வேலை. கண்ணுக்குத் தெரியும் எந்த மாற்றமும் 'ஷாகென்' என்ற வாகனச் சோதனையில் மாட்டும். சோதனைக்கு முந்தின நாள் பழைய சைலன்ஸரைத் திரும்ப மாட்டி, சான்றிதழ் வாங்கி, மறுநாள் கழற்றுவது ஒரு வழக்கமாகவே இருந்தது.

தடுப்பைப் பிடுங்குவது சுலபம் என்றேன். அதற்கு அப்புறம்தான் நல்ல கடைக்கும் சாதாக் கடைக்கும் வித்தியாசம் தெரியும்.

ஆர்32 டர்போக்களில் புகைபோக்கிப் பக்கச் சக்கரம் பீங்கான், அதாவது செராமிக். எடை குறைவு, அதனால் சட்டென்று சுழலும், காலை அழுத்தியதும் வண்டி பாயும். ஆனால் அந்தச் சக்கரம் எஃகுத் தண்டோடு ஒட்டவைக்கப்பட்டது. பூஸ்ட் 1 பாரைத் தாண்டி, வெப்பமும் ஏறினால் ஒட்டு விட்டுப்போய்ச் சக்கரம் தனியாகக் கழன்றுவிடும். துண்டுகள் பெரும்பாலும் சைலன்ஸர் பக்கம் போகும். சில சமயம் பின்னோக்கி சிலிண்டருக்குள்ளேயே வந்துவிடும், அப்போது எஞ்சின் காலி. நிசானுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். 1990-ல் பந்தய அங்கீகாரத்துக்காக 560 நிஸ்மோ வண்டிகளைக் கட்டினார்கள், 500 விற்பனைக்கு, 60 பந்தயத்துக்கு. அவற்றில் டர்போச் சக்கரம் எஃகு. ஏபிஎஸ் இல்லை, பின்கண்ணாடி வைப்பர்கூட இல்லை.

இரண்டாவது, ஆயில் பம்ப். அதைச் சுழற்றுவது கிராங்க் தண்டின் முனையில் சீவிவிட்ட இரண்டு தட்டைப் பரப்புகள். ஆரம்ப கால ஆர்32-ல் அந்தப் பரப்பின் அகலம் ரொம்பக் குறைவு. எஞ்சின் உச்ச வேகத்தில் ரெவ் லிமிட்டரில் முட்டி முட்டி அதிரும்போது பம்ப்பின் பல்சக்கரம் விண்டுபோகும். எண்ணெய் நின்றால் பேரிங் போய்விடும், கண் இமைக்கும் நேரம்தான். பின்னால் வந்த எஞ்சின்களில் நிசானே அந்தப் பரப்பை அகலமாக்கியது. பழைய வண்டிக்குக் கடைக்காரர் கிராங்க் முனையில் ஒரு காலர் மாட்டிச் சரிசெய்வார். கூடவே சிலிண்டர் ஹெட்டுக்கு ஏறும் எண்ணெயைச் சற்றுக் குறைப்பார். ஏனென்றால் தொடர்ந்து வேகமாக ஓடும்போது எண்ணெய் மேலேயே தேங்கிவிடும், கீழே சம்ப் வறண்டுபோகும்.

இதெல்லாம் எந்தப் பிரசுரத்திலும் இல்லாத அறிவு. முப்பது நாற்பது எஞ்சின்கள் உடைந்து மேஜைமேல் கிடந்ததைப் பார்த்துச் சேர்ந்தது. வாடிக்கையாளர் "பவர் வேணும்" என்று வந்தால், நல்ல கடைக்காரர் முதல் பில்லை ஆயில் பம்ப்புக்கும் சம்ப்புக்கும் கூலருக்கும்தான் போடுவார். குதிரைத்திறன் ஒன்றுகூட ஏறாத பில். அதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர் பக்கத்துக் கடைக்குப் போவார், ஆறு மாதத்தில் கயிறு கட்டி இழுத்து வருவார்.

இப்போது என் தொழிலுக்குப் பக்கத்தில் வரும் பகுதி. ஆர்32-ன் ஈசியூவில் இருப்பது 8-பிட் பிராசஸர், 32 கிலோபைட் ரோம். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் இதைவிடப் பெரிசு. அதற்குள் எரிபொருளுக்கும் இக்னிஷனுக்கும் தனித்தனி அட்டவணை, ஒவ்வொன்றும் 16-க்கு 16, 256 கட்டம். ஒரு பக்கம் எஞ்சின் வேகம், இன்னொரு பக்கம் சுமை. சுமையை எப்படிக் கணக்கிடுகிறது? இரண்டு ஏர்ஃப்ளோ மீட்டர்கள் உள்ளே போகும் காற்றை அளந்து மின்னழுத்தமாகச் சொல்லும். அதை ஓர் அட்டவணையால் காற்றின் அளவாக மாற்றி, ஆர்பிஎம்மால் வகுத்து, இன்ஜெக்டரின் அளவைப் பொறுத்த ஒரு மாறிலியால் பெருக்கினால், இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறக்கணும் என்பதற்கான அடிப்படை எண் கிடைக்கும். அந்த எண்ணேதான் சுமை. ரொம்பச் சிக்கனமான யோசனை. ஆனால் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு: பெரிய இன்ஜெக்டர் மாட்டி மாறிலியை மாற்றினால், சுமைக் கணக்கு மொத்தமும் நகர்ந்துவிடும். இக்னிஷன் அட்டவணை தப்பான கட்டத்தில் போய்ப் படிக்கும். பழைய சாஃப்ட்வேரில் ஒரு குளோபல் வேரியபிளைத் தொட்டவர்களுக்கு இந்த வலி புரியும்.

இன்னொன்று, பூஸ்ட் ஏறஏற ஏர்ஃப்ளோ மீட்டர் 5 வோல்ட்டை நெருங்கி அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு காற்று போனாலும் ஈசியூவுக்குத் தெரியாது. காற்று அதிகம், பெட்ரோல் அதே அளவு. கலவை மெலிந்து, சூடு ஏறி, 'நாக்' அடித்து பிஸ்டன் ஓட்டையாகும். ஆகவே ஃபேர்லேடி இசட்-ன் பெரிய மீட்டரை இரண்டு வாங்கி மாட்டுவார்கள், அதற்கேற்ப அட்டவணையை மாற்றி எழுதுவார்கள்.

மாற்றி எழுதுவது என்றால் லேப்டாப்பைச் செருகி சேவ் அழுத்துவது இல்லை. சிப்பைப் பிரித்தெடுத்து, பதிலுக்கு சாக்கெட் வைத்து, புது இபிராமில் எண்களை எரித்து, மாட்டி, வண்டியை ஓட்டிப் பார்க்கணும். எண் சரியில்லை என்றால் சிப்பைப் புற ஊதா விளக்கின் கீழ் பதினைந்து இருபது நிமிஷம் வைத்து அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்ப்பார்கள், எஞ்சின் பிளாக்கில் மைக் வைத்து ஹெட்ஃபோனில் நாக் சத்தத்தைக் கேட்பார்கள். தவறான ஓர் எண்ணுக்கு நம் வேலையில் ஒரு எர்ரர் மெசேஜ் வரும். இங்கே ஒரு எஞ்சின் போகும், ஓட்டுகிறவர் 250-ல் இருந்தால் ஆளே போகலாம். யோகோசுகாவில் இருக்கும் மைன்ஸ் கடை இந்த ரோம் வேலையில்தான் பெயர் வாங்கியது. மற்றவர்கள் 1000 குதிரைத்திறன் என்று போட்டி போட்டபோது, அவர்கள் 600 பக்கத்தில் நிறுத்தி, கால் அசைந்தால் எஞ்சின் அசையணும் என்பதில் பிடிவாதமாக இருந்தார்கள். என் ஓட்டு அந்தப் பக்கம்தான்.

எஞ்சின் அளவையே கூட்டும் வழியும் உண்டு. எச்கேஎஸ்ஸின் கிட்டில் 87 மி.மீ. பிஸ்டன், 77.7 மி.மீ. ஸ்ட்ரோக். கணக்குப் போட்டால் 2771 சி.சி. வரும். விதிப் புத்தகத்துக்காகச் சுருக்கிய எஞ்சினுக்கு விதி இல்லாத இடத்தில் கொஞ்சம் மூச்சு கிடைக்கிறது. வரி மாறாது, ஏற்கெனவே அந்தப் படியில்தான் இருக்கிறது!

பந்தயத்தில் என்ன ஆச்சு என்று சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஜப்பான் குரூப் ஏ போட்டிகளில் 1990 முதல் 1993 வரை ஓடியது 29, ஜெயித்தது 29. ஆஸ்திரேலியாவில் 1991, 1992 இரண்டு வருஷமும் பாதர்ஸ்ட். அந்த ஊர்ப் பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர்தான் 'காட்ஸில்லா'. பாராட்டும் எரிச்சலும் பாதிப் பாதி.

விதிகள் பிறகு தளர்ந்தன. 1995-ல் மாற்று உதிரிபாகங்களுக்கான கட்டுப்பாடுகளை ஜப்பான் அரசு குறைத்தது, கடைகள் வெளிச்சத்துக்கு வந்தன. 2004-ல் 300 குதிரைத்திறனோடு ஹோண்டா லெஜண்ட் வந்தபோது அந்த 280-ம் முடிந்தது. அறிவிப்பை யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை, ஏனென்றால் அதை நம்பினவர்கள் யாரும் மிச்சமில்லை.

இன்றைக்கு இந்தக் கடைகளுக்கு வரும் வண்டிகளின் வயசு முப்பதுக்கு மேல். பதிமூன்று வருஷம் தாண்டிய காருக்கு ஜப்பானில் வரி கூடுதல். பழசை ஒழித்துப் புதுசு வாங்கு என்பதுதான் அதன் அர்த்தம். அதையும் மீறி வைத்திருக்கிறவர்கள் ஒரு பக்கம். 25 வயதான காரை இறக்கலாம் என்ற அமெரிக்க விதியால் 2014-லிருந்து கப்பலில் போகிறவை இன்னொரு பக்கம். விலை எங்கேயோ போய்விட்டது. கடைக்காரரிடம் வரும் கேள்வியும் மாறிவிட்டது. பவர் ஏற்ற வருகிறவர்கள் இன்னும் வருகிறார்கள், ஆனால் பாதி வேலை ரப்பர் குழாய், இறுகி உடைந்த பிளாஸ்டிக் கனெக்டர், உள்ளே பச்சை பிடித்த ஒயர். 2017-ல் நிஸ்மோ இந்தப் பழைய வண்டிக்கான உதிரிபாகங்களை மறுபடி தயாரிக்க ஆரம்பித்தபோது, பட்டியலில் ஒயரிங் ஹார்னஸ் முக்கியமான சரக்கு.

கை படாத வண்டிக்குத்தான் இப்போது கூடுதல் மதிப்பு. முப்பது வருஷத்துக்கு முன் குப்பையில் போட்ட கம்பெனி ஈசியூவையும், பீங்கான் டர்போவையும், அடைத்த சைலன்ஸரையும் தேடித் தேடி வாங்குகிறார்கள். மஞ்சள் குறி போட்ட அந்தக் குழாயையும்தான், உள்ளே தடுப்போடு.