கிண்டனார் ஈட்டிய பொருள்

எளிய மக்கள் சிரித்துக் கேட்ட இசையைக் கலையென ஏற்கப் புலமையுலகம் தயங்கியே வந்திருக்கிறது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணனையும் நகைச்சுவை நடிகர் என்ற அளவிலேயே நாம் நிறுத்திவிட்டோம். வில்லுப்பாட்டில் தொடங்கி நாடகம், திரைப்படம் என வளர்ந்தவர் அவர்.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சிதம்பரத்தை நாடினார். கலைவாணரின் ‘கிண்டனார்’ காலட்சேபத்தில் ஒடுக்கப்பட்ட சிறுவன் பள்ளிக்கூடத்தை நாடுகிறான். 1949-இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்திலும் அக்காலட்சேபம் இடம்பெற்றது.

பாட்டும் சிரிப்பும் ஈட்டித் தந்த பொருளை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. கேட்டவர்க்கு வாரி வழங்கினார்; நாகர்கோவில் நகராட்சிப் பூங்காவில் சொந்தச் செலவில் காந்தி நினைவுத் தூண் எழுப்பினார். 1957-இல் மறைந்த அவரை வள்ளல் என்று ஊர் இன்றும் போற்றுகிறது. அந்த ஈகைக்குப் பொருள் தந்த இசையை மட்டும் மறந்துவிட்டோம். தமிழிசை வரலாறு எழுதுவோர் கிண்டனாருக்கும் ஓரிடம் அளிப்பது கடன்.