கோப்புப் பாதை வகுப்பின் ஆவணக் குறிப்புரை

கோப்புப் பாதை வகுப்பின் ஆவணக் குறிப்புரை என்பது, கணினியில் கோப்பு இருக்கும் இடத்தைக் கையாளும் நிரல் வகுப்பைப் பற்றி அதன் மூல நிரலுக்குள்ளேயே எழுதி வைக்கப்படும் விளக்கம். வகுப்பின் ஒவ்வொரு செயற்கூறும் எதைப் பெறுகிறது, எதைத் தருகிறது, எப்போது தவறுகிறது என்பதை அது சொல்கிறது. உள்ளே உள்ள வரிகளைத் திறந்து பார்க்காமலேயே ஒரு நிரலர் அந்த வகுப்பை நம்பிப் பயன்படுத்த இது உதவுகிறது.

பாதை பார்வைக்கு வெறும் எழுத்துச் சரம். ஆனால் இயங்குதளத்தைப் பொறுத்தும் குறியேற்றத்தைப் பொறுத்தும் அதன் பொருள் மாறும். தமிழில் பெயரிட்ட கோப்புகளில் இந்த மாற்றம் மற்ற பல மொழிகளைவிடக் கூடுதலாகத் தெரியும். குறிப்புரை சொல்லாமல் விட்டதால் வரும் இடர், தமிழ்ப் பயனரிடமும் வந்து சேர்கிறது.

வரலாறு

நிரலையும் விளக்கத்தையும் ஒரே ஏட்டில் எழுத வேண்டும் என்ற கருத்தை டொனால்டு நூத் 1984இல் வெளியிட்ட கட்டுரையில் முன்வைத்தார். 1996இல் ஜாவா மொழியின் முதல் பதிப்போடு வந்த ஜாவாடாக், நிரலிலுள்ள குறிப்புரைகளைத் திரட்டி இணையப் பக்கங்களாக மாற்றியது. சி, சி++ மொழிகளுக்கு டாக்ஸிஜன் 1997இல் வந்தது. பைத்தானில் ஆவணச் சரம் எழுதும் மரபை வகுத்த பெப் 257 என்ற ஆவணம் 2001இல் எழுதப்பட்டது.

பாதைக்கெனத் தனி வகுப்பு வேண்டும் என்ற எண்ணம் மெல்லத்தான் வேரூன்றியது. நெடுங்காலம் நிரலர்கள் சரங்களை வெட்டியும் ஒட்டியுமே பாதைகளை அமைத்தனர். ஜாவாவின் பாத் என்ற இடைமுகம் 2011இல் ஏழாம் பதிப்பிலும், ஆந்துவான் பித்ரூ வடிவமைத்த பாத்லிப் நூலகம் 2014இல் பைத்தான் 3.4இலும் வந்தன. பூஸ்ட் நூலகத்தில் வளர்ந்த பாதை வகுப்பு சி++17 தரத்தில் இடம்பெற்றது.

முழுப் பாதையும் சார்புப் பாதையும்

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் பாதையின் கூறுகளைச் சாய்கோடு பிரிக்கிறது. 1983இல் அடைவுகளை அறிமுகப்படுத்திய எம்எஸ்-டாஸ் 2.0 பின்சாய்கோட்டைத் தேர்ந்தது. விண்டோஸ் அதையே தொடர்கிறது.

வேர் அடைவிலிருந்து தொடங்குவது முழுப் பாதை. நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவது சார்புப் பாதை. கடலூரிலிருந்து பண்ருட்டி செல்லும் சாலையில் உள்ள நெல்லிக்குப்பம், 1842இலிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடும் பாரி சர்க்கரை ஆலையால் அறியப்பட்ட ஊர். அந்த ஊரில் நின்று "ஆலைக்குப் போ" என்றால் போதும். சிதம்பரத்தில் நின்று சொன்னால் "எந்த ஆலை?" என்று கேட்பார்கள். "ஆலை/கரும்பு" என்ற சார்புப் பாதையும் அப்படித்தான். "/கடலூர்/நெல்லிக்குப்பம்" என்ற அடைவிலிருந்து ஓடும் நிரலுக்கு அது ஒரு கோப்பைக் காட்டும். வேறு அடைவிலிருந்து ஓடினால் வேறொன்றைக் காட்டும், அல்லது எதையுமே காட்டாது. எந்த அடைவைத் தொடக்கமாகக் கொள்கிறது, அதை எந்த நேரத்தில் தீர்மானிக்கிறது என்ற இரண்டையும் குறிப்புரை சொல்லியாக வேண்டும்.

குறிப்புரை சொல்ல வேண்டியவை

வட்டைத் தொடுகிறதா: சில செயற்கூறுகள் சரத்தை மட்டும் பார்க்கும், சில வட்டில் போய்த் தேடும். பாத்லிப் இவ்விரண்டையும் பியூர்பாத், பாத் என இரண்டு வகுப்புகளாகவே பிரித்து வைத்துள்ளது. வட்டைத் தொடும் செயற்கூறு அனுமதி மறுப்பு, வலையமைப்புத் துண்டிப்பு ஆகியவற்றால் தவறக்கூடும். எனவே எழும் விதிவிலக்குகளைப் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

இணைத்தலின் விதி: "/கடலூர்" என்பதோடு "/சிதம்பரம்" என்பதை இணைத்தால் "/கடலூர்/சிதம்பரம்" வரும் என்றே புதியவர் எதிர்பார்ப்பார். பைத்தான், ஜாவா, சி++ மூன்றிலும் யூனிக்ஸ் வகைக் கணினியில் வருவது "/சிதம்பரம்" மட்டுமே. இரண்டாவது முழுப் பாதையாக இருந்தால் முதலாவது கைவிடப்படும். பயனர் தந்த பெயரை அடைவோடு இணைக்கும் நிரலில் இது பாதுகாப்புத் துளையாகிவிடும்.

இரட்டைப் புள்ளி: "/கடலூர்/ஆலை/../கரும்பு" என்பதை "/கடலூர்/கரும்பு" எனச் சுருக்கலாம் என்று தோன்றும். "ஆலை" என்பது "/சிதம்பரம்/கிடங்கு" என்ற அடைவைச் சுட்டும் குறியீட்டு இணைப்பாக இருந்தால், அந்தப் பாதை உண்மையில் "/சிதம்பரம்/கரும்பு" என்ற இடத்துக்குப் போகும். பாத்லிப் இக்காரணத்தாலேயே இரட்டைப் புள்ளியைத் தானாகச் சுருக்குவதில்லை.

பின்னொட்டு: கடைசிப் புள்ளியையும் அதன் பின் வருவதையும் பின்னொட்டாகக் கொள்வது பாத்லிப்பின் வழக்கம். தமிழர் பெயர்களில் முன்னெழுத்துகளைப் புள்ளியிட்டே எழுதுகிறோம். "உ.வே.சா" என்ற கோப்புக்கு ".சா" பின்னொட்டாகிவிடும். பின்னொட்டை ".பிடிஎஃப்" என மாற்றச் சொன்னால் "உ.வே.பிடிஎஃப்" என்று வரும், பெயரின் கடைசிப் பகுதி போய்விடும். குறிப்புரையில் இப்படி ஒரு எடுத்துக்காட்டு இருந்தால் இந்த இழப்பை முன்கூட்டியே தவிர்க்கலாம்.

இல்லை என்பதன் பொருள்: ஜாவாவில் கோப்பு உள்ளதா என்று கேட்கவும், இல்லையா என்று கேட்கவும் தனித்தனிச் செயற்கூறுகள் உள்ளன. பார்க்க அனுமதி இல்லாத கோப்புக்கு இரண்டுமே "பொய்" என்று விடை தரலாம். ஒன்றின் மறுப்பு மற்றொன்று ஆகாது என்பதை ஜாவாவின் ஆவணம் வெளிப்படையாகவே சொல்கிறது. நல்ல குறிப்புரைக்கு அது முன்மாதிரி.

தமிழ்ப் பெயரின் நீளம்

"நெல்லிக்குப்பம்" என்ற சொல்லில் நெ, ல், லி, க், கு, ப், ப, ம் என 8 எழுத்துகள். யூனிகோடு உயிர்மெய்யை மெய்யாகவும் உயிர்க்குறியாகவும் பிரித்து வைப்பதாலும், புள்ளியைத் தனிக் குறியாக எண்ணுவதாலும், அதே சொல் 15 குறியீடுகள் ஆகிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டு என்பதால் மொத்தம் 45 பைட்டு.

லினக்ஸில் பரவலாகப் பயன்படும் இஎக்ஸ்டி4 கோப்பமைப்பில் ஒரு பெயருக்கு உச்ச வரம்பு 255 பைட்டு. எனவே தமிழ்ப் பெயரில் 85 குறியீடுகள்தான் அடங்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் 255 யூடிஎஃப்-16 அலகுகளை ஏற்பதால் அங்கே 255 தமிழ்க் குறியீடுகள் அடங்கும். ஒரு நூலின் நீண்ட தலைப்பைப் பெயராகக் கொண்ட கோப்பு விண்டோஸில் சேமிக்கப்பட்டு, லினக்ஸுக்கு நகலெடுக்கும்போது மறுக்கப்படுவது இதனால்தான்.

தோற்றம் ஒன்று, குறியீடு இரண்டு

"கோப்பு" என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் உண்டு. அதன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறியையும் காலையும் சேர்த்து இரண்டாகவும் எழுதலாம். முதல் வடிவில் சொல் 6 குறியீடு, 18 பைட்டு. இரண்டாம் வடிவில் 7 குறியீடு, 21 பைட்டு. திரையில் இரண்டும் ஒன்றே.

ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ்+ கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. அதன்பின் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்த வடிவையே வைத்துக்கொண்டு, ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கொள்கிறது. லினக்ஸ் பொதுவாக இரண்டையும் வெவ்வேறு பெயராகவே கொள்வதால், ஒரே அடைவில் "கோப்பு" என்ற பெயரில் இரண்டு கோப்புகள் அருகருகே இருக்க முடியும். பைத்தான் 3 மாறிகளின் பெயர்களை இயல்பாக்கிக்கொள்கிறது, அதாவது இரண்டு வடிவங்களையும் ஒரே வடிவாக மாற்றிக்கொள்கிறது. கோப்புப் பெயர்களை அப்படிச் செய்வதில்லை. ஆகவே இரண்டு பாதைகள் சமமா எனப் பார்க்கும் செயற்கூறின் குறிப்புரையில், இயல்பாக்கிய பின் ஒப்பிடுகிறதா, பைட்டு பைட்டாக ஒப்பிடுகிறதா என்பது கட்டாயம் இருக்க வேண்டும்.

ஒரு திருத்தம்

பெயர் நீளத்தைச் சொல்லும் செயற்கூறுக்குப் பொதுவாக எழுதப்படும் குறிப்புரை இது:

"பெயரின் நீளத்தைத் தருகிறது."

செயற்கூறின் பெயரே சொல்வதைத்தான் இவ்வரி மீண்டும் சொல்கிறது. திருத்திய வடிவம்:

"பாதையின் கடைசிக் கூறின் நீளத்தை யூடிஎஃப்-8 பைட்டுகளில் தருகிறது. பின்னொட்டும் சேரும். பெயர் கொடுத்த வடிவிலேயே எண்ணப்படும், இயல்பாக்கப்படாது. வட்டைத் தொடாது. வேர் அடைவுக்கு 0. எடுத்துக்காட்டு: நெல்லிக்குப்பம் என்பதற்கு 45."

அலகு, எல்லை, விளிம்பு நிலை, எடுத்துக்காட்டு நான்கும் இதில் உள்ளன. படிப்பவர் ஓட்டிப் பார்த்துச் சரிபார்க்கவும் முடியும்.

பராமரிப்பு

நிரல் மாறிக் குறிப்புரை மாறாமல் நின்றால், அது இல்லாததைவிடக் கேடு செய்யும். பைத்தானின் டாக்டெஸ்ட் கருவி குறிப்புரையிலுள்ள எடுத்துக்காட்டுகளை ஓட்டிப் பார்த்து, விடை பொருந்தாவிட்டால் பிழை காட்டும். ரஸ்ட் மொழியிலும் இவ்வசதி உண்டு. ஒரு தமிழ்ப் பெயரையாவது இந்த எடுத்துக்காட்டுகளில் சேர்த்தால், ஆங்கிலப் பெயர்களில் வெளிப்படாத பிழைகள் வெளிப்படும். தமிழ்ச் சரத்தை எழுத்து எழுத்தாகப் பிரிக்க ஓப்பன்-தமிழ் என்ற திறமூல நூலகம் உள்ளது.

ஆவணத்தில் இடைவெளி என்பது பெரிய திட்டங்களிலும் நேர்வது. சார்புப் பாதையை முழுப் பாதையாக்கும் அப்சல்யூட் என்ற செயற்கூறு பாத்லிப்பில் தொடக்கம் முதலே இருந்தும், 2022இல்தான் அதிகாரபூர்வ ஆவணத்தில் சேர்ந்தது. இத்தகைய விடுபடல்களைத் திருத்தி அனுப்பும் வழி திறமூலத் திட்டங்களில் எவருக்கும் திறந்திருக்கிறது. தன் ஊரின் பெயரைத் தமிழில் கொடுத்து ஓட்டிப் பார்த்து, கிடைத்த விடையை அலகோடு எழுதி அனுப்பும் மாணவர், தனக்குப் பின்னால் தமிழில் கோப்புக்குப் பெயர் வைக்கும் ஒவ்வொருவருக்கும் உதவுகிறார்.