நகராட்சியும் நாமும்: ஒரு வரலாற்றுப் பார்வை

குழந்தை பிறந்தால் பதிவு, வீட்டிற்குக் குடிநீர், தெருவிற்கு விளக்கு, மையவாடிக்கு உரிமம். எதற்காயினும் நாம் சென்று நிற்கும் இடம் நகராட்சி அலுவலகமே. ஆயினும் அதன் வரலாற்றை அறிந்தோர் நம்மில் சிலரே. எனவே இம்மலரில் அதனைச் சுருக்கமாக எழுத முற்படுகிறோம்.

உத்திரமேரூர்க் குடவோலை முறையை மேடைதோறும் புகழக் கேட்கிறோம். பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரிக்கும் தோட்டத்திற்கும் தனித்தனி வாரியம் கண்ட ஊர் அது. நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கே அங்கு இடமிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்றைய நகராட்சியின் வேர் ஆங்கிலேயர் காலத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1688-இல் சென்னையில் மாநகராட்சியை நிறுவியது. நகரத்தாரைக் கொண்டே வரி திரட்டுவது அதன் நோக்கங்களுள் ஒன்று. வரி செலுத்துவோர்க்கு மன்றத்தில் குரல் வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற இரு நூற்றாண்டுகள் ஆயின. வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானமே திருப்புமுனை. உள்ளூர் மன்றங்களில் அரசு அலுவலர் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் இருத்தலாகாது என்றது அது. 1913-இல் திறக்கப்பட்ட சென்னை மாநகராட்சிக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பின்னர் வந்த 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் நூறாண்டிற்கும் மேல் நடைமுறையில் இருந்து, 2023 ஏப்ரலில்தான் புதிய சட்டத்திற்கு வழிவிட்டது. இடையே 1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்கு உரிய 18 பணிகளைப் பட்டியலிட்டது. குடிநீர், துப்புரவு, சாலை, அடக்கத்தலங்கள், இறைச்சிக் கூடங்கள், பிறப்பு இறப்புப் பதிவு ஆகியன அவற்றுள் அடங்கும். பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவித்தல் வேண்டும். பெயரின்றிப் பதிவான பிறப்பிற்கு ஓராண்டு வரை கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். இதனைத் தள்ளிப்போட்டுவிட்டு, பாஸ்போர்ட் எடுக்கும் வேளையில் அலைவோர் இன்றும் உளர்.

ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்பதும் அத்திருத்தம் விதித்ததே. அதற்குக் காரணம் உண்டு. 1973-இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றத்திற்கு 1996-இல்தான் மீண்டும் தேர்தல் நடந்தது. விதி வந்த பின்னரும், 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த தமிழக நகர மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் வாக்குப்பதிவு நடைபெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் தனி அலுவலர்களே நிர்வகித்தனர். குழாயில் நீர் வராவிடினும், குப்பை அள்ளப்படாவிடினும் கேட்பதற்கு வார்டு உறுப்பினர் ஒருவர் இல்லை. வீட்டு வரி மட்டும் நிற்கவில்லை.

அத்தேர்தலில் வென்றோர் 2022 மார்ச் 2 அன்று பதவியேற்றனர். பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. அவர்தம் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் நிறைவுறும்.