டோலியில் போன உடம்பு, தூக்கிப் போன உடம்பு

கொடைக்கானல்னு சொன்னதும் ஏரி, சைக்கிள், சாக்லேட் எல்லாம் ஞாபகம் வரும். ஆனா ஏரியைச் சுற்றி இருக்கிற அந்த டவுன் உருவானதுக்குக் காரணம் அழகு இல்லை, பயம். உடம்பும் வெயிலும் பற்றிய பயம். (பளியர்களும் வில்பட்டி மாதிரி மலைக்கிராமங்களும் அதற்கு ரொம்ப முன்னாடியே அங்கே உண்டு. அதை மறந்துட வேண்டாம்.)

1834-ல் அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்தார்கள். காலரா, காய்ச்சல் என்று சாவுகள் தொடர்ந்தன. வெயில் வெள்ளைக்காரர் உடம்பைத் தளர்த்திவிடும், தளர்ந்த உடம்பை நோய் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் அன்றைய மருத்துவ நம்பிக்கை. அதனால் குளிர்ந்த இடம் தேடினார்கள். முதலில் சிறுமலை, அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. அப்புறம்தான் இன்னும் உயரமான பழனி மலை. 1845-ல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்கள் எழுந்தன.

கொடைக்கானல் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி குறையும்னு வைத்தால்கூட, மதுரையைவிட பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிர்ச்சி. அந்தக் குளிரில் மலேரியாக் கிருமி கொசுவுக்குள்ளே வளரவே திணறும். அதாவது, அவங்க கண்டுபிடிச்ச விடை சரி, சொன்ன காரணம்தான் தப்பு. கொசுதான் குற்றவாளி என்பதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடிக்க 1897 வரை ஆனது.

சரி, மேலே எப்படிப் போனாங்க? 1910-களில் காட் ரோடு வரும்வரை, பெரியகுளம் பக்கமிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை. சிலர் மட்டக்குதிரையில், பலர் டோலியிலும் நாற்காலியிலும். தூக்கியது கீழ்நாட்டுக் கூலியாட்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போடலாம். கணக்கு என்னுடையது, சரிபார்த்துக்கோங்க. 70 கிலோ ஆளை 1,800 மீட்டர் உயர்த்த ஏறக்குறைய 300 கலோரி வேலை தேவை. ஆனா தசை ரொம்ப வீணடிக்கும் எஞ்சின். எரிக்கிறதில் அதிகபட்சம் கால்பங்குதான் வேலையாகும், மீதி வெப்பம். அதனால் தூக்குபவர்கள் எல்லாரும் சேர்ந்து எரித்தது 1,200 முதல் 1,500 கலோரி. ஒரு சராசரி ஆண் இருபத்திநாலு மணி நேரமும் அசையாமல் படுத்திருந்தாலே செலவாகும் அளவு அது. உட்கார்ந்து போறவரின் எடைக்கு மட்டும்தான் இது. டோலியின் எடை தனி, அவங்கவங்க உடம்பை ஏற்றுகிற செலவு தனி. அத்தனை வெப்பத்தையும் வியர்த்து வெளியேற்றியதும் அவங்கதான்.

இப்படிச் சுமந்த ஊர்க்காரர்களைத்தான் ‘வெப்ப நாட்டு ஆட்கள் மந்தமானவர்கள்’ என்று எழுதிக்கொண்டிருந்தது அந்தக் காலம்!

இந்தப் பேச்சு ஆய்வகத்துக்கு வந்தது 20-ஆம் நூற்றாண்டில். 1919-ல் ஹாரிஸ், பெனடிக்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 136 ஆண்கள், 103 பெண்களை வைத்து ஒரு சூத்திரம் போட்டார்கள்: வயது, உயரம், எடை சொன்னால், சும்மா இருக்கும்போது உடம்பு எவ்வளவு எரிக்கும் என்று சொல்லிவிடும். அதே பெனடிக்ட், சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய எலினார் மேசனோடு சேர்ந்து, 1931-ல் தென்னிந்தியப் பெண்களின் அளவுகளை வெளியிட்டார். வெறும் வயிறு, அசையாமல் படுக்கை, மூச்சில் எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்ற கணக்கு. முடிவு, அமெரிக்க அளவைவிடத் தெளிவாகக் குறைவு. வெயிலா, சாப்பாடா, இனமா என்ற கேள்வி அதற்குப் பின் பல பத்தாண்டுகள் ஓடியது. மேசனே 1934-ல் இந்தியாவில் வாழும் ஐரோப்பியப் பெண்களையும் அளந்து, தட்பவெப்பம் மாறினால் என்ன ஆகிறது என்று தேடினார்.

இனம் என்ற பதிலுக்கு வலுவான அடி 1998-ல் விழுந்தது. இந்திய, ஆஸ்திரேலியத் தரவுகளை ஒப்பிட்ட சோரெஸ், ஷெட்டி குழு, கொழுப்பைக் கழித்துவிட்டு மீதி எடையைக் கணக்கில் எடுத்தால் இரண்டு தரப்புக்கும் நடுவே இன வேறுபாட்டுக்கு ஆதாரமே இல்லை என்று காட்டியது. தசையும் உள்ளுறுப்புகளும்தான் எரிக்கின்றன. ஒரே எடையில் நம்மில் பலருக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அவ்வளவுதான் விஷயம்.

உங்க போன்ல ஒரு கலோரி ஆப் இருந்தா, வயது, உயரம், எடை மூணையும் கேட்டிருக்கும். பின்னால ஓடுறது பெரும்பாலும் அந்த 1919 சூத்திரம், இல்லைன்னா அதன் வழியில் பிறகு வந்த இன்னொண்ணு. தசை எவ்வளவுன்னு அது கேட்கவே கேட்காது. அதனால நமக்குக் கொஞ்சம் கூடுதலாவே சொல்ல வாய்ப்பு இருக்கு. அடுத்த தடவை வெள்ளகவி வழியா பெரியகுளம் இறங்குற ட்ரெக் போனீங்கன்னா, ஆப்பை ஆஃப் பண்ணிட்டு, திரும்பி அந்த ஏற்றத்தை ஒரு நிமிஷம் பாருங்க. தோளில் டோலியோட.