டெல்லிக்கு மாற்றலா? வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் பள்ளியை முடிவு செய்யுங்கள்

பதவி உயர்வோடு டெல்லிக்கு மாற்றல் வந்துவிட்டது. விமான டிக்கெட், சாமான் ஏற்றும் லாரி, முதல் 15 நாள் தங்குமிடம் என எல்லாவற்றையும் கம்பெனி ஹெச்.ஆர். பார்த்துக்கொள்ளும். ஆனால், "பாப்பாவை எந்த ஸ்கூல்ல சேர்க்கிறது?" என்ற கேள்விக்கு மட்டும் அவர்களிடம் பதில் இருக்காது.

பெரும்பாலான குடும்பங்கள் ஆபீஸுக்குப் பக்கத்தில் வீடு பிடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பள்ளி தேடுகின்றன. டெல்லியில் இந்த வரிசையைத் திருப்பிப் போடுவது நல்லது. பள்ளியை முடிவு செய்துவிட்டால், எந்த ஏரியாவில் வீடு, எந்த மாதத்தில் பயணம், குழந்தைக்கு யார் நண்பர்கள் என்பதெல்லாம் பாதி முடிவாகிவிடும்.

எந்த மாதம் போவது நல்லது?

தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூனில் திறக்கின்றன. டெல்லியில் கல்வியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்கிவிடும். "பரீட்சை முடிச்சுட்டு ஜூன்ல போய்க்கலாம்" என்று நினைத்தால், அங்கே ஒன்றரை மாதப் பாடம் நடந்து முடிந்து, கோடை விடுமுறையும் விட்டிருப்பார்கள்.

சின்னக் குழந்தை என்றால் இன்னும் முன்னதாகவே திட்டமிட வேண்டும். டெல்லி தனியார் பள்ளிகளில் நர்சரி, எல்.கே.ஜி. போன்ற தொடக்க வகுப்புச் சேர்க்கைக்கான கால அட்டவணையை அரசின் கல்வி இயக்குநரகம் வெளியிடுகிறது. வழக்கமாக நவம்பர் இறுதி அல்லது டிசம்பரில் விண்ணப்பம் தொடங்கி, மார்ச்சுக்குள் எல்லாம் முடிந்துவிடும். இடம் கொடுப்பது புள்ளி முறையில். பள்ளிக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம், அண்ணனோ அக்காவோ அங்கே படிப்பது போன்றவற்றுக்குப் புள்ளிகள் உண்டு. பல பள்ளிகளில் தூரத்துக்குத்தான் அதிகப் புள்ளி. அதனால்தான், வீட்டு முகவரியை முடிவு செய்யும் முன் பள்ளியைப் பார்க்கச் சொல்கிறோம்.

நொய்டாவும் குருகிராமும் டெல்லிதானே?

பேச்சு வழக்கில் அப்படித்தான். ஆனால் நொய்டா இருப்பது உத்தரப் பிரதேசத்தில். குருகிராம் இருப்பது ஹரியானாவில். டெல்லி அரசின் சேர்க்கை விதிகள், கட்டண விதிகள் அங்கே செல்லாது. ஆபீஸ் குருகிராமில் இருந்து, பள்ளியை டெல்லியில் தேர்ந்தெடுத்தால், குழந்தை தினமும் மாநில எல்லையைத் தாண்ட வேண்டியிருக்கும். தினசரி அலைச்சல் பெரியவர்களுக்கா, குழந்தைக்கா என்பதை முதலிலேயே பேசி முடிவெடுங்கள்.

தூரம் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதற்கு டெல்லித் தமிழர்களிடமே உதாரணம் இருக்கிறது. ஜங்புராவில் இருந்த மதராசி கேம்ப் குடியிருப்பில் சுமார் 370 வீடுகள் 2025 ஜூனில் இடிக்கப்பட்டன. தகுதியானவர்கள் என்று தேர்வான குடும்பங்களுக்கு, நகரத்தின் மறுகோடியில் உள்ள நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். வேலையோடு சேர்த்து, பிள்ளைகளின் படிப்பு என்னவாகும் என்பதே அந்த மக்களின் பெரிய கவலையாக இருந்தது. அவர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

வயதுக் கணக்கு இடிக்குமா?

இடிக்கலாம். தமிழ்நாட்டில் 5 வயது நிறைந்தால் 1ஆம் வகுப்பில் சேர்க்கிறார்கள். தேசியக் கல்விக் கொள்கை 2020, 6 வயது என்கிறது. கேந்திரிய வித்யாலயாக்கள் இதைப் பின்பற்றுகின்றன. டெல்லியும் இந்த முறைக்கு மாறியிருக்கிறது. டெல்லியில் மார்ச் 31 அன்று உள்ள வயதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். எனவே, ஊரில் யு.கே.ஜி. முடித்த 5 வயதுக் குழந்தையை மறுபடியும் யு.கே.ஜி.யிலேயே உட்கார வைக்கச் சொல்லலாம். அங்கீகாரம் பெற்ற பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழோடு வரும் குழந்தைக்குத் தளர்வு உண்டா என்று போன் செய்தே கேட்டுவிடுங்கள்.

அங்கே தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. டெல்லி தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்துகிறது: மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதி பாக், பூசா ரோடு, ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி. சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம், தமிழும் ஒரு பாடம். இவை அரசு உதவி பெறும் பள்ளிகள் என்பதால், பெரிய தனியார் பள்ளிகளோடு ஒப்பிட்டால் கட்டணம் குறைவு. ஏழு பள்ளிகளும் ஒரே தரத்தில் இருக்கும் என்று நினைத்துவிடாமல், நேரில் போய்ப் பாருங்கள்.

கேந்திரிய வித்யாலயாவில் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை. தனியார் ஊழியர்கள் முன்னுரிமை வரிசையில் கடைசியில் வருவார்கள். ஐ.டி. வேலையில் இருப்பவர்கள் அதை மட்டும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

சட்டம் உங்களுக்கு என்ன தருகிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2009, 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு (8ஆம் வகுப்பு வரை) சில பாதுகாப்புகளைத் தருகிறது.

• வேறு மாநிலத்திலிருந்து வந்தாலும், அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறும் உரிமை உண்டு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால், அதைக் காரணம் காட்டி இந்தப் பள்ளிகள் இடம் மறுக்கக் கூடாது.

• நன்கொடை வாங்கக் கூடாது. மீறினால், வாங்கிய தொகையைப் போல 10 மடங்கு வரை அபராதம்.

• குழந்தைக்கோ பெற்றோருக்கோ சேர்க்கைக்காகத் தேர்வு, நேர்காணல் வைக்கக் கூடாது. முதல் மீறலுக்கு ரூ.25,000 வரை, அடுத்த ஒவ்வொன்றுக்கும் ரூ.50,000 வரை அபராதம். ஆனாலும் 'இன்டராக்‌ஷன்' என்ற பெயரில் கூப்பிடும் பள்ளிகள் இருக்கின்றன. விதி இது என்பதை நீங்கள் தெரிந்து வைத்திருங்கள்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் பழைய பள்ளியில் ஒரு வேலை இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியலோடு, யு-டைஸ் பிளஸ் இணையதளத்தில் குழந்தையின் பதிவை விடுவித்துவிட்டார்களா என்று கேளுங்கள். விடுவிக்காவிட்டால் புதிய பள்ளியால் அந்தப் பதிவை எடுத்துக்கொள்ள முடியாது. அதற்காக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி நீங்கள்தான் போன் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மகன் 9ஆம் வகுப்பு. இப்போது மாற்றலாமா?

சி.பி.எஸ்.இ.யில் 9-10, 11-12 ஆகியவை இரண்டிரண்டு ஆண்டுப் படிப்புகள். 10 அல்லது 12ஆம் வகுப்பில் நேரடியாகப் பள்ளி மாறுவதற்கு, பெற்றோரின் பணி மாற்றம் போன்ற காரணமும் வாரியத்தின் அனுமதியும் தேவை. 9 அல்லது 11ஆம் வகுப்பின் தொடக்கத்தில் மாறுவதே சுலபம். இடைப்பட்ட ஆண்டில் மாற்றல் வந்தால், ஒருவர் முன்னால் போய், மற்றவர் பரீட்சை வரை ஊரில் இருப்பதையும் யோசியுங்கள்.

இந்தி தெரியாத குழந்தை என்ன செய்யும்?

பாடத்தை விடப் பெரிய சவால் இடைவேளைதான். வகுப்பறையில் ஆங்கிலம் கைகொடுக்கும். விளையாட்டு மைதானத்தில் எல்லாம் இந்திதான். புது மொழிக்குள் போகும் குழந்தைகள் சில வாரங்கள், சிலர் சில மாதங்கள்கூட, பேசாமலே கவனித்துக்கொண்டிருப்பது இயல்பு. அதை மந்தம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

கிளம்பும் முன் பத்து வாக்கியங்களை விளையாட்டாகச் சொல்லிக்கொடுங்கள். "முஜே சமஜ் நஹீ ஆயா" (எனக்குப் புரியல), "பானி பீனா ஹை" (தண்ணி குடிக்கணும்), "மே பீ கேலூங்?" (நானும் விளையாடட்டுமா?). கடைசி வாக்கியத்துக்குத்தான் பலன் அதிகம்.

பள்ளியிடம் நேரடியாகக் கேளுங்கள்: "இந்தியே படிக்காத பிள்ளை 4ஆம் வகுப்பில் சேர்ந்தால் என்ன செய்வீர்கள்?" முதல் ஆண்டு இந்தித் தேர்வில் சலுகை, தனியாகக் கொஞ்ச நேரம் வகுப்பு, பக்கத்தில் உட்கார ஒரு துணை மாணவர் என்று தெளிவான பதில் வந்தால் நல்லது. "டியூஷன் வெச்சுக்கோங்க" என்பது மட்டுமே பதில் என்றால், அந்தப் பள்ளி உங்கள் குழந்தைக்குத் தயாராக இல்லை.

'மதராசி' என்று கூப்பிட்டுக் கேலி செய்தால், "கண்டுக்காதே" என்று சொல்லி விட்டுவிட வேண்டாம். முதல் வாரமே வகுப்பாசிரியரிடம் அமைதியாகச் சொல்லுங்கள்.

அக்கம்பக்கம் எப்படி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீடு பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் காலை 11 மணிக்குப் போகிறார்கள். மாலை 6 மணிக்கு மேல் ஒருமுறை போய், காலனிப் பூங்காவில் அரை மணி நேரம் உட்காருங்கள். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடுகிறார்களா? வேறு மாநிலத்துக் குடும்பங்கள் இருக்கின்றனவா? இரண்டு பெற்றோரிடம் பேசுங்கள். வீட்டில் அசைவம் சமைப்பீர்கள் என்றால் உரிமையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அட்வான்ஸ் கொடுத்த பிறகு வரும் சண்டையை விட, முன்னாடியே வரும் 'முடியாது' மேல்.

அக்கம்பக்கம் நடைமுறையிலும் தேவைப்படும். குளிர்காலத்தில் காற்று மாசு எல்லை மீறும்போது, சின்ன வகுப்புகளை ஆன்லைனுக்கோ, பாதி ஆன்லைனுக்கோ மாற்றுகிறார்கள். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், அந்த நாட்களில் "பையனைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று கேட்க ஒரு வீடாவது வேண்டும். குழந்தைக்கு இழுப்பு இருந்தால், டெல்லிக்குச் சரி சொல்லும் முன்பே டாக்டரிடம் பேசுங்கள்.

தமிழ்ச் சொந்தங்களைத் தேடினால், 1946-ல் தொடங்கிய டெல்லித் தமிழ்ச் சங்கம் ராமகிருஷ்ணபுரத்தில் இருக்கிறது. அதே பகுதியில்தான் மலை மந்திர் எனப்படும் முருகன் கோயிலும். ஆனால், மாதம் ஒருமுறை பார்க்கும் தமிழ்க் குடும்பத்தோடு, தினமும் பார்க்கும் பஞ்சாபி, பீகாரி, மலையாளி அண்டை வீட்டாரும் வேண்டும்.

தமிழ் மறந்துபோகுமா?

பேச்சு வீட்டில் நிற்கும். எழுத்துத்தான் முதலில் போகும். தமிழ்நாட்டில் 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டம் 10ஆம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. பிறகு மற்ற வாரியப் பள்ளிகளுக்கும் அது படிப்படியாக விரிந்தது. மூன்று ஆண்டில் ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால், இதை இப்போதே கணக்கில் எடுங்கள். சி.பி.எஸ்.இ.யில் தமிழ் ஒரு மொழிப்பாடமாக உண்டு. ஆனால் நீங்கள் சேர்க்கும் பள்ளியில் ஆசிரியர் இருக்க வேண்டும். இல்லையென்றால், தமிழ்நாடு அரசின் பாடநூல்களை இலவசமாகவே தரவிறக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் சான்றிதழ் படிப்புகளும் இருக்கின்றன. தினமும் 15 நிமிடம் போதும்.

இன்னொன்று: முடிவெடுக்கும் பேச்சில் குழந்தையையும் உட்கார வையுங்கள். புதுப் பள்ளியின் படத்தைக் காட்டுங்கள், வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியை மேப்பில் காட்டுங்கள். ஊரில் விட்டுவிட்டு வரும் நண்பனோடு வாரம் ஒரு வீடியோ கால் என்று உறுதி கொடுங்கள். கொடுத்தால் காப்பாற்றுங்கள்.