ஆமித் நகரின் கோட்டைக் கடிகாரம்

துபாயின் இப்னு பதூதா வணிக வளாகத்துக்குச் சென்று வந்தோர், அங்கே யானை வடிவில் உயர்ந்து நிற்கும் ஒரு கடிகாரத்தைக் கண்டிருப்பர். அதன் மூலத்தை வடிவமைத்தவர் அபுல் இஸ் இஸ்மாயீல் அல்ஜஸரீ. இன்று துருக்கியில் தியார்பகிர் எனப்படும் ஆமித் நகரில், அர்தூக் மரபுச் சிற்றரசர்களிடம் 25 ஆண்டுகள் பணிபுரிந்தவர். அரசர் நாஸிருத்தீன் மஹ்மூதின் விருப்பத்துக்கிணங்கத் தம் கருவிகளையெல்லாம் ஒரு நூலாக எழுதி, ஹிஜ்ரி 602இல் (கி.பி. 1206) நிறைவு செய்தார். அந்நூல் விவரிக்கும் கருவிகள் 50. முதல் பத்தும் கடிகாரங்கள். யானைக் கடிகாரத்தின் புகழில் மறைந்துபோன முதலாவது கடிகாரத்தை இங்கே காண்போம். கோட்டை முகப்பைப் போன்ற தோற்றமுடையதால், அதனைக் கோட்டைக் கடிகாரம் என்பர்.

ஏறத்தாழ 11 அடி உயரமுள்ள முகப்பு அது. மேலே இராசி மண்டலச் சக்கரம் சுழலும். கீழே வரிசையாகப் பன்னிரு கதவுகள். அவற்றின் முன்னே ஒரு பிறை மெல்ல நகர்ந்து செல்லும். ஒவ்வொரு மணி நேரம் நிறைவுறும்போதும் ஒரு கதவு திறந்து உருவமொன்று தோன்றும். இரு பருந்துகள் குனிந்து உலோகக் குண்டுகளை உதிர்க்க, தாளம் ஒலிக்கும். ஆறாவது, ஒன்பதாவது, பன்னிரண்டாவது மணிகளில் முரசறைவோரும் எக்காளம் ஊதுவோருமான பொம்மைகள் இசை முழக்கும். இவை அனைத்தையும் இயக்கியது தண்ணீர்.

காண்போர் பொம்மைகளை வியந்தனர். செய்தவரின் கவலையோ வேறு. அக்காலத்தில் பகற்பொழுதைப் பன்னிரண்டாகப் பகுத்து, ஒரு பகுதியை ஒரு மணி என்றனர். கோடையில் பகல் நீளும், மணியும் நீளும். குளிர்காலத்தில் இரண்டும் குறுகும். ஆமித் நகரின் நிலநேர்க்கோட்டில் நம் கணக்குப்படி பார்த்தால், கோடையின் மிக நீண்ட பகலில் அந்த ஒரு மணி சுமார் 74 நிமிடம். குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலில் சுமார் 47 நிமிடம். ஆகவே இக்கடிகாரம் நாள்தோறும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அடியில் துளையுள்ள பாத்திரத்தில் நீர் நிறைந்திருக்கும்போது ஒழுக்கு விரைவாகவும், குறையும்போது மெதுவாகவும் இருக்கும். எனவே பெரிய தொட்டியின் நீரை அல்ஜஸரீ முதலில் ஒரு சிறு அறைக்குள் விட்டார். அங்கே நீர் உயர்ந்தால் மிதவையோடு எழும் கூம்பு வழியை அடைக்கும். தாழ்ந்தால் வழி திறக்கும். இதனால் அச்சிறு அறையின் நீர்மட்டம் மாறுவதில்லை, ஒழுக்கும் சீராகிறது. பெரிய தொட்டியில் நீரோடு ஒரே வேகத்தில் இறங்கும் மற்றொரு மிதவையின் கயிறே பிறையையும் கதவுகளையும் இயக்கியது.

அச்சிறு அறையிலிருந்து நீர் வெளியேறும் துளை, அளவுகள் குறித்த ஒரு வட்டத்தின் விளிம்பில் அமைந்தது. அதனைத் திருப்பித் தாழ்த்தினால் ஒழுக்கு விரையும், உயர்த்தினால் தளரும். எந்த நாளுக்கு எந்தக் குறி என்பதே கேள்வி.

இங்கேதான் அம்மனிதரின் பண்பு வெளிப்படுகிறது. ஆர்க்கிமிடீஸின் பெயரால் வழங்கிவந்த அமைப்பு அவர் கையில் இருந்தது. அதற்கு நன்றி கூறி, அதனையே அடிப்படையாகவும் கொண்டார். ஆயினும் ஒழுக்கை அளவிடும் அதன் அரைவட்டத்தைச் செய்து சோதித்தபோது, நேரம் பொருந்தவில்லை. பெரியவர் கூறியது என்று விட்டுவிடவுமில்லை. பெரியவர் பிழைத்தார் என்று இகழவுமில்லை. மீண்டும் மீண்டும் நீரை ஓடவிட்டு, அளந்து, குறிகளைத் தாமே வகுத்தார். செய்து பார்த்து உறுதிப்படுத்தாத தொழிலறிவு, சரிக்கும் தவறுக்கும் நடுவே நிற்கிறது என்பது அவருடைய கொள்கை.

அறிந்ததை அவர் மறைக்கவும் இல்லை. கருவியின் முழு வடிவையும் உறுப்புகளையும் தனித்தனியே வரைந்து, அவற்றில் எழுத்துகளைக் குறியீடாக இட்டார். மரம் வளையாதிருக்கப் பலகைகளை அடுக்கி ஒட்டுவது, மணல் அச்சில் உலோகம் வார்ப்பது, அடைப்பான் நீர் கசியாமல் பொருந்தும்படி தேய்ப்பது எனப் பட்டறையின் நுணுக்கங்களையும் எழுதிவைத்தார். இதன் பலன் ஏறக்குறைய 770 ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. 1976இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில், அவருடைய நூலைக் கொண்டே இக்கடிகாரம் மீண்டும் உருவாக்கப்பட்டது, அது இயங்கியது.

அன்பிற்குரியோரே, அல்ஜஸரீயின் பெயர் நம் மேடைகளில் பெருமையோடு ஒலிக்கிறது. ஆனால் முன்னோரின் புகழைச் சொல்லி அமைதியடைவது அவர் வழியன்று. இல்மும் அமலும் இணைய வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் போதிக்கும் நாம், பழைய கடிகாரத்தைக் கழற்றிப் பார்க்கும் மகனை அதட்டுகிறோம். பட்டறைத் தொழிலைப் படிக்காதவருக்கு உரியதென எண்ணுகிறோம். ஒரு விடுமுறை நாளில், அடியில் சிறு துளையிட்ட குவளையில் நீர் நிரப்பி, பாதி இறங்க எவ்வளவு நேரம், மீதிப் பாதிக்கு எவ்வளவு நேரம் என்று பிள்ளைகளை அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக இராது. ஏன் என்று அவர்கள் கேட்பார்கள். அக்கேள்விக்கு விடை தேடியவர்தாம் அல்ஜஸரீ.

பயனளிக்கும் கல்வியையும், அதனைச் செயற்படுத்தும் கைகளையும் அல்லாஹ் நம் சந்ததியினருக்கு வழங்குவானாக. ஆமீன்.