சுரங்க நில மீள்பசுமையாக்க மதிப்பீடு

சுரங்க நில மீள்பசுமையாக்க மதிப்பீடு என்பது, நிலக்கரி எடுத்து முடித்தபின் மண் நிரப்பிச் சீரமைக்கப்பட்ட நிலத்தில் தாவரங்கள் எந்த அளவுக்கு நிலைபெற்றுள்ளன என்பதை அளந்தறியும் முறை ஆகும். நடப்பட்ட கன்றுகளின் எண்ணிக்கை முயற்சியை மட்டுமே காட்டும், வெற்றியைக் காட்டாது. நீர் பாய்ச்சுதலும் பராமரிப்பும் நின்றபின் அந்நிலம் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளுமா என்பதே இம்மதிப்பீட்டின் மையக் கேள்வியாகும்.

நெய்வேலியின் நிலை

தமிழ்நாட்டில் இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் ஆகும். இவற்றை நடத்தும் நிறுவனம் 1956 இல் தொடங்கப்பட்டது. 1957 இல் அகழ்வு தொடங்கி, 1961 இல் நிலக்கரிப் படுகை எட்டப்பட்டது. இங்கு ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேற்பட்ட மண்ணை அகற்ற வேண்டியுள்ளது. வாளிச்சக்கர இயந்திரங்கள் வெட்டும் இம்மண், பட்டைகளின் வழியே சென்று, நிலக்கரி எடுக்கப்பட்ட பள்ளத்தில் கொட்டப்படுகிறது. இதனால் ஆழத்திலிருந்த சத்தற்ற மண் மேலே வந்துவிடுகிறது. மேற்பரப்பின் வளமண்ணைத் தனியே எடுத்து வைத்து மீண்டும் பரப்பாவிடில், செடிகள் வேரூன்றுவது கடினம்.

களத்தில் அளக்கப்படுபவை

நிலம் முழுவதையும் எண்ண இயலாது. எனவே, குறிப்பிட்ட பரப்புள்ள மாதிரிக் கட்டங்கள் சார்பின்றித் தெரிவு செய்யப்பட்டு, அவற்றுள் பின்வருவன அளக்கப்படுகின்றன:

- பிழைப்பு விகிதம்: நட்ட கன்றுகளில் உயிருடன் இருப்பவற்றின் விழுக்காடு.
- நில மூடல்: இலை, புல், சருகு ஆகியவற்றால் மூடப்பட்ட பரப்பின் விழுக்காடு. மண்ணரிப்பைத் தடுப்பதில் இதன் பங்கு பெரிது.
- இயற்கை மீளுருவாக்கம்: நடாமலே, விதை விழுந்து முளைத்த நாற்றுகள். நிலம் தன் காலில் நிற்பதற்கு இது சிறந்த அடையாளம்.
- இனப் பல்வகைமை: இதற்குப் பெரும்பாலும் ஷானன் சுட்டெண் பயன்படுகிறது. 100 மரங்களும் ஒரே இனமாயின் இதன் மதிப்பு 0. பத்து இனங்களில் பத்துப் பத்தாக இருப்பின் ஏறத்தாழ 2.3.
- மண் நலம்: அமில காரத் தன்மை, இறுக்கம், நீர்ப்பிடிப்பு, நுண்ணுயிர்கள், மண்புழுக்கள்.

மண்ணின் கரிமத்தை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமான ஆய்வுகள் இலைச் சருகு மட்கியதால் வந்த கரிமத்துடன், மண்ணில் கலந்துள்ள நிலக்கரித் துகள்களின் கரிமத்தையும் சேர்த்துக் காட்டக்கூடும். ஆகவே, வளமற்ற மண்ணும் வளமானதாகத் தோன்றலாம்.

செயற்கைக்கோள் வழி அளவீடு

பசும் இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சி, அண்மை அகச்சிவப்புக் கதிர்களை மிகுதியாகத் திருப்பி அனுப்புகின்றன. இவ்விரண்டின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது தாவரச் சுட்டெண் ஆகும். இதன் மதிப்பு -1 முதல் +1 வரை அமையும். பரந்த நிலத்தை ஆண்டுதோறும் ஒப்பிட இது உதவுகிறது. இந்தியாவில் ராஞ்சியிலுள்ள மத்திய சுரங்கத் திட்டமிடல் மற்றும் வடிவமைப்பு நிறுவனம், கோல் இந்தியாவின் திறந்தவெளிச் சுரங்கங்களைச் செயற்கைக்கோள் படங்கள் மூலம் கண்காணித்து வருகிறது.

எனினும், மழைக்காலப் படத்தைக் கோடைக்காலப் படத்துடன் ஒப்பிட்டால் முடிவு பிழையாகும். மேலும், தைல மரத் தோப்பும் சீமைக் கருவேலப் புதரும் கலப்புக் காடும் இச்சுட்டெண்ணில் ஒன்றுபோலவே பசுமையாகத் தெரியலாம். ஆகவே கள ஆய்வு இன்றியமையாதது.

சட்ட அளவுகோல்கள்

அமெரிக்காவில் 1977 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிறுவனம் கட்டிய பிணைத்தொகை முழுமையாகத் திரும்பக் கிடைக்க, ஆண்டு மழை 26 அங்குலத்துக்கு மேற்பட்ட பகுதிகளில் 5 ஆண்டுகளும், அதற்குட்பட்ட பகுதிகளில் 10 ஆண்டுகளும் தாவரங்கள் நிலைத்திருக்க வேண்டும். நில மூடல் போன்றவை, ஏற்கப்பட்ட அளவுகோலில் குறைந்தது 90 விழுக்காட்டை எட்டவும் வேண்டும். இந்திய நிலக்கரி அமைச்சகம் 2009 இல் வெளியிட்ட சுரங்க மூடல் வழிகாட்டுதல்கள், இப்பணிக்கான தொகையைத் தனிக் கணக்கில் செலுத்தி வைக்க வகை செய்தன.

எதனுடன் ஒப்பிடுவது?

எந்த அளவீட்டுக்கும் ஓர் ஒப்பீட்டு நிலம் தேவை. நெய்வேலி வட்டாரத்தின் இயற்கைத் தாவரம், வீரை, பாலை, காயா போன்ற மரங்களைக் கொண்ட உலர் பசுமைமாறாக் காடு ஆகும். அதன் எச்சங்கள் கடலூர்ப் பகுதியின் கோயிற்காடுகளில் காணப்படுகின்றன. ஆனால் சுரங்கத்துக்காகக் கையகப்படுத்தப்பட்டவற்றுள் நெல் வயல்களும் முந்திரித் தோப்புகளும் அடங்கும். 2023 சூலையில், வாய்க்கால் வெட்டுவதற்காக வளையமாதேவியில் நெற்பயிர் அழிக்கப்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது.

காட்டுடன் ஒப்பிட்டால் வெற்றி எனத் தோன்றும் ஒரு மரத்தோப்பு, முன்பு அங்கு நெல் விளைவித்தவரின் கணக்கில் இழப்பாகவே இருக்கும். ஆகையால், எந்நிலத்துடன் ஒப்பிடப்பட்டது என்பதைக் கூறாத வெற்றி விழுக்காடு முழுமையான தகவல் ஆகாது.

இவற்றையும் பார்க்க

- நெய்வேலி
- பழுப்பு நிலக்கரி
- தொலையுணர்தல்
- கோயிற்காடு